எக்ஸ்பாக்ஸ் 360 டிரைவ் கீ: டிரைவைப் படிப்பதா, போர்டை மாற்றுவதா, கன்சோலையே கேட்பதா?

கம்ப்யூட்டரில் டிவிடி டிரைவ் கெட்டுப்போனால் கழற்றிப் போட்டுவிட்டு இன்னொன்றை மாட்டிவிடலாம். மைக்ரோசாஃப்டின் கேம் கன்சோலான எக்ஸ்பாக்ஸ் 360-ல் அப்படி மாட்டினால் டிரைவ் திறக்கும், மூடும், சுற்றும். சினிமா டிவிடிகூட அழகாக ஓடும். கேம் டிஸ்க் மட்டும் ஓடாது. இந்த டிஸ்க்கை எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலில் போடவும் என்று பல மொழிகளில் ஓர் அறிவிப்பு திரையில் வரும். போட்டிருப்பதே எக்ஸ்பாக்ஸ் 360-ல்தானே என்று தலையைச் சொறிந்துகொள்ள வேண்டியதுதான். சாதாரண டிவிடி பிளேயரில் யாராவது தவறிப் போட்டுவிட்டால் காட்டுவதற்காக ஒவ்வொரு கேம் டிஸ்க்கிலும் வைத்திருக்கும் சின்ன வீடியோ அது. டிரைவை நம்பாத கன்சோல், டிஸ்க்கையும் வெறும் சினிமா டிவிடியாகவே எடுத்துக்கொள்கிறது.

காரணம் 16 பைட் நீளமுள்ள ஒரு கீ, அதாவது ரகசியக் குறியீடு. டிரைவின் ஃபர்ம்வேருக்குள், அதாவது டிரைவை இயக்க அதற்குள்ளேயே எழுதிவைத்த நிரலுக்குள், ஒரு பிரதி; கன்சோலின் சிஸ்டம் மென்பொருள் இருக்கும் நேண்ட் மெமரியில் கீவால்ட் என்ற பகுதிக்குள் இன்னொரு பிரதி. இரண்டும் ஒத்துப்போனால்தான் கேம். ஒவ்வொரு கன்சோலுக்கும் இந்தக் கீ வேறு. அது போதாதென்று, எந்த கம்பெனியின் எந்த மாடல் டிரைவ் பொருத்தப்பட்டது என்ற அடையாளமும் கீவால்டில் பதிவாகியிருக்கிறது. எனவே மாற்று டிரைவுக்கு நம்முடைய கீயும் வேண்டும், பழைய டிரைவின் அடையாளமும் வேண்டும்.

இதனால்தான் டிரைவைக் கழற்றி, மாற்றங்கள் செய்து, ஃபர்ம்வேரைப் படிக்கிற கலை ஒன்று 2006-ல் தொடங்கி வளர்ந்தது. திருட்டு டிஸ்க் ஓட்டுவதற்காகத்தான் அது பெரிதாக வளர்ந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இன்று அதன் உண்மையான பயன் ரிப்பேருக்குத்தான். 2016-ல் உற்பத்தியே நின்றுபோன கன்சோல் இது. 2024 ஜூலை 29-ல் அதன் ஆன்லைன் கடையையும் மூடிவிட்டார்கள். இனி 360-க்குப் புதிதாக ஒரு கேம் வேண்டுமென்றால் பெரும்பாலும் பழைய டிஸ்க்தான்; டிரைவ் போனால் அதுவும் போச்சு. ஹார்டு டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்து வைத்திருந்தாலும் தப்பிக்க முடியாது. ஆடும்போது டிஸ்க் டிரைவில் இருக்கிறதா என்று கன்சோல் சரிபார்க்கும்.

ஆக, டிரைவ் கெட்ட 360 ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் கேள்வி. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டிரைவின் சர்க்யூட் போர்டில் கத்தி வைப்பது இன்று கடைசி வழிகூட இல்லை. அதே கீயைக் கன்சோல் பக்கத்திலிருந்து எடுக்கும் வழி இருக்கும்போது, வேறு எங்கும் கிடைக்காத ஒரு போர்டை ஏன் அறுக்க வேண்டும்?

முதலில், போனது எது?

இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிட்டு நேராக ஃபர்ம்வேருக்குப் போகிறவர்கள்தான் அதிகம். டிரைவ் என்பது ஒரே பொருள் அல்ல. தட்டை இழுக்கும் ரப்பர் பெல்ட், டிஸ்க்கைச் சுழற்றும் மோட்டார், லேசர் லென்ஸ், இவற்றையெல்லாம் ஆட்டிவைக்கும் போர்டு என்று நான்கு இருக்கின்றன. கீ இருப்பது போர்டில் மட்டும். மற்ற மூன்றில் எது போயிருந்தாலும் கீயைத் தேட வேண்டிய அவசியமே இல்லை.

தட்டு திறக்கவில்லை, பாதியில் நிற்கிறது, தட்டினால் திறக்கிறது என்றால் பெல்ட் தளர்ந்திருக்கும். சில்லறை வேலை. டிஸ்க் சுற்றுகிறது, ஆனால் படிக்கவில்லை, அல்லது சில டிஸ்க் படிக்கிறது சில டிஸ்க் படிக்கவில்லை என்றால் பெரும்பாலும் லென்ஸ். பென்க்யூ விஏடி6038, லைட்-ஆன் டிஜி-16டி2எஸ் இரண்டுக்கும் எச்ஓபி-141எக்ஸ் லென்ஸ் பொருந்தும். 2010-க்குப் பிறகு வந்த ஸ்லிம் கன்சோலின் லைட்-ஆன் டிரைவ்களுக்கு எச்ஓபி-15எக்ஸ்எக்ஸ். வாங்கியவுடன் மாட்டிவிடாதீர்கள். சில லென்ஸ்களில் ரிப்பன் கேபிள் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், நிலை மின்சாரம் தாக்காமலிருக்க இரண்டு புள்ளிகளைச் சேர்த்து ஒரு பொட்டு ஈயம் வைத்திருப்பார்கள். அதை எடுக்காமல் மாட்டினால் லென்ஸ் உயிரே இல்லாததுபோல் கிடக்கும். புது லென்ஸும் கெட்டது என்று முடிவுகட்டி டிரைவையே தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு.

அடுத்தது போர்டு மாற்றும் வழி. அதே மாடல் டிரைவ் ஒன்று பழைய சாமான் கடையில் கிடைத்தால், அதன் இயந்திரப் பகுதியை எடுத்துக்கொண்டு நம் பழைய போர்டை அதில் பொருத்திவிடலாம். கீ போர்டோடு வந்துவிடும், அடையாளமும் வந்துவிடும். கன்சோலுக்கு வித்தியாசமே தெரியாது. ஃபர்ம்வேர், மென்பொருள், கம்ப்யூட்டர் எதுவும் வேண்டாம். சில மாடல்களில் ரிப்பன் கேபிள்களைப் பிடுங்கிச் செருகினால் போதும். சிலவற்றில் மோட்டார் கால்களை சால்டரிங் அயன் வைத்து எடுத்து மறுபடி வைக்க வேண்டியிருக்கும். அவ்வளவுதான். போர்டு உயிரோடு இருந்தால் என் ஓட்டு எப்போதும் இதற்கே.

கடைக்காரர்கள் செய்கிற ஒரு காரியத்தையும் இங்கே சொல்ல வேண்டும். வேறொரு கன்சோலின் டிரைவை அப்படியே முழுசாக மாட்டிவிட்டு, சினிமா டிவிடி ஒன்றைப் போட்டு ஓட்டிக் காட்டி, ரெடி சார் என்று கையில் கொடுப்பது. வீட்டுக்குப் போய் கேம் டிஸ்க் போட்டால்தான் விஷயம் தெரியும். அதைவிடக் கொடுமை, பழைய டிரைவ் கடையிலேயே தங்கிவிடுவது. கீ அதற்குள்தான் இருந்தது. எனவே எந்தக் கடைக்குக் கொடுத்தாலும், கழற்றிய டிரைவ் கெட்டதாகவே இருந்தாலும், கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

போர்டே போய்விட்டால், அல்லது போகும் முன் கீயை எடுத்துவைக்க விரும்பினால்

இங்கேதான் ஃபர்ம்வேர் படிக்கும் பேச்சு நியாயமாகத் தொடங்குகிறது. போர்டு செத்துப்போன பிறகு டிரைவ் பக்கத்திலிருந்து படிக்கும் வழிகள் கிட்டத்தட்ட எல்லாமே மூடிவிடும். அது உயிரோடு இருக்கும்போதுதான் அந்த வாய்ப்பு.

எந்த வழி என்பது உங்கள் டிரைவ் எது என்பதைப் பொறுத்தது. பழைய, தடித்த மாடல் கன்சோலில் நான்கு வகை வந்தன: ஹிட்டாச்சி-எல்ஜி ஜிடிஆர்-3120எல், தோஷிபா-சாம்சங் டிஎஸ்-எச்943, பென்க்யூ விஏடி6038, கடைசியாக லைட்-ஆன் டிஜி-16டி2எஸ். ஸ்லிம்மில் லைட்-ஆனின் டிஜி-16டி4எஸ், ஹிட்டாச்சியின் டிஎல்10என் போன்றவை. கன்சோலின் மூடியைக் கழற்றினால் டிரைவின் மேல் லேபிளில் மாடல் இருக்கும். லைட்-ஆனில் ஃபர்ம்வேர் எண்ணும் அங்கேயே அச்சாகியிருக்கும்: 74850சி, 83850சி, 93450சி. இந்த எண்ணைப் பார்க்காமல் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாதீர்கள், ஏனென்றால் ஒவ்வொரு எண்ணுக்கும் கதை வேறு.

பழைய மூன்றையும் எடுத்துக்கொண்டால், டிரைவைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சாட்டா கேபிள் வழியாகவே அவை தங்கள் ஃபர்ம்வேரைக் கொடுத்துவிடும். 256 கிலோபைட் மொத்தமும் ஒரு ஃபைலாக வந்துவிடும், கீயும் அதற்குள் இருக்கும். ஹிட்டாச்சியை மோட்-பி என்ற தனி நிலையில் எழுப்ப வேண்டும். பின்னால் வந்த 78, 79 பதிப்புகளில் அதற்குக் கூடுதல் வேலை உண்டு. பென்க்யூவில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கம்ப்யூட்டரிலிருந்து கட்டளை திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருக்கும்போதே டிரைவின் மின்சாரத்தை நிறுத்தி, மீண்டும் கொடுக்க வேண்டும். அது கண்விழிக்கும் அந்த நொடியில் கட்டளை போய்ச் சேர்ந்தால் உள்ளே விடும். திரையில் 73 என்ற ஸ்டேட்டஸ் எண் வந்தால் கதவு திறந்தது என்று அர்த்தம். வரவில்லை என்றால் மறுபடி சுவிட்ச். போர்டைத் தொட வேண்டாம், ஈயம் வேண்டாம், ஆபத்தும் குறைவு.

சிக்கல் டிரைவில் இல்லை, இன்றைய கம்ப்யூட்டரில்தான். இந்த வேலைக்கு எல்லோரும் பயன்படுத்திய ஜங்கிள்ஃபிளாஷர் மென்பொருள், விண்டோஸைத் தாண்டி நேரடியாக சாட்டா போர்ட்டோடு பேசும். அதற்கான டிரைவர் 32-பிட் விண்டோஸில் ஒழுங்காக ஓடும். 64-பிட் விண்டோஸ் டிஜிட்டல் கையெழுத்து எங்கே என்று கேட்டு நிறுத்திவிடும். சாட்டா சிப்பும் எதுவாக இருந்தாலும் ஆகாது. வியா விடி6421 சிப் வைத்த கார்டுதான் அன்றைக்கு எல்லோருடைய சிபாரிசு. அது பழைய பிசிஐ ஸ்லாட்டில் செருகும் கார்டு. இன்றைய மதர்போர்டுகளில் பெரும்பாலானவற்றில் அந்த ஸ்லாட்டே கிடையாது. ஆக, இந்த எளிய வழிக்கு விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் ஒரு பழைய கம்ப்யூட்டர் வேண்டும். பரணில் கிடந்தால் யோகம். இதற்காகத் தேடி வாங்கப் போகிறீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள், கீழே வேறு வழி வருகிறது.

இன்னொரு நடைமுறை விஷயம். 360 டிரைவின் மின் இணைப்பு சாதாரண டிரைவ் மாதிரி கிடையாது. அதற்கென்றே விற்ற கனெக்டிவிட்டி கிட் இல்லையென்றால், மின்சாரம் கன்சோலிலிருந்து, சாட்டா கேபிள் மட்டும் கம்ப்யூட்டருக்கு என்று இரண்டு பக்கமும் இழுத்து வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். பழைய மாடலில் ஏவி கேபிளைக் கழற்றிவிட்டு ஆன் செய்தால் நான்கு சிவப்பு விளக்கும் எரியும். பயப்பட வேண்டாம், ஏவி கேபிள் இல்லை என்று சொல்கிறது, அவ்வளவுதான். எல்லோரையும் அழவைத்த சிவப்பு வளையம் மூன்று விளக்கு.

லைட்-ஆன்: கதை கஷ்டமாகும் இடம்

2008-ல் லைட்-ஆன் வந்தபோது சாட்டா வழியாகக் கீ வெளியே வரும் கதவு அடைபட்டது. 74850சி-க்குக் கண்டுபிடித்த வழி, போர்டில் இருக்கும் சீரியல் போர்ட். கட்டளை சாட்டா வழியாக உள்ளே போகும், பதில் சீரியல் வழியாக வெளியே வரும். போர்டில் ஆர்707 என்ற இடத்தில் ஊசிமுனை வைத்து அந்தப் பதிலைப் பிடிக்க வேண்டும். அதுவும் தட்டு பாதி திறந்த நிலையில் இருந்தால்தான் டிரைவ் பேசும். தட்டைத் திறந்து, மின்சாரத்தை நிறுத்தி, கையால் பாதி உள்ளே தள்ளி, மறுபடி மின்சாரம் கொடுத்து, ஒரு கையில் ஊசியை அசையாமல் பிடித்துக்கொண்டு மறுகையால் மவுஸைக் கிளிக் செய்ய வேண்டும். ஊசி ஒரு மயிரிழை விலகினால் குப்பையாக ஏதோ வரும், அல்லது ஒன்றுமே வராது. ஒரு சின்ன ஒயரை ஈயம் வைத்துவிட்டால் நிம்மதி, ஆனால் அந்தப் புள்ளியின் அளவைப் பார்த்தால் பலருக்குக் கை வராது.

இதில் முக்கியமான ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். லைட்-ஆனில் இப்படி எடுப்பது முழு ஃபர்ம்வேர் அல்ல. கீ, சீரியல் எண், அடையாளம் ஆகியவற்றைச் சேர்த்து மென்பொருளே ஒரு டம்மி ஃபைல் செய்து கொடுக்கும். ரிப்பேருக்கு அது போதும். ஆனால் அன்றைக்குப் பலர் அத்தோடு நிற்கவில்லை. புது ஃபர்ம்வேர் எழுத வேண்டும் என்பதற்காக அடுத்த பட்டனையும் அழுத்தினார்கள். அந்தப் பட்டன் டிரைவில் இருக்கும் ஒரிஜினல் ஃபர்ம்வேரை அழித்துவிட்டுத்தான் எழுத வழி விடும். எடுத்த கீ தப்பாக இருந்தால், அழித்த பிறகு டிரைவிடம் திரும்பிப் போய்க் கேட்க முடியாது. அதனால்தான் அந்தக் காலத்துக் கையேடுகள் எல்லாம் கீயைப் பலமுறை எடுத்து ஒப்பிட்டுப் பார், பிறகு அழி என்று அடித்துச் சொல்லும். உங்களுக்கு வேண்டியது கீ மட்டும் என்றால் அந்த அழிக்கும் பட்டன் பக்கமே போக வேண்டாம்.

83850சி-யின் இரண்டாம் பதிப்பிலும் 93450சி-யிலும் சீரியல் கதவும் சாத்தப்பட்டது. தமாஷ் என்னவென்றால் 83850சி-யில் முதல் பதிப்பும் இரண்டாம் பதிப்பும் லேபிளில் ஒன்றுபோலவே இருக்கும். படிக்க முயன்று பார்த்தால்தான் எது என்று தெரியும். அதற்கு வந்த வழிதான் போர்டில் கத்தி வைப்பது. போர்டின் செம்புத் தடங்களைக் குறிப்பிட்ட இடத்தில் அறுத்து, சிப்பை ஏமாற்றி எழுப்பி, வேலை முடிந்ததும் அறுத்த இடத்தை மறுபடி ஈயம் வைத்து இணைப்பது. தடம் மயிர் கனம். பக்கத்திலேயே வேறு தடங்கள். ஒரு முறை சறுக்கினால் கீ இருக்கும் போர்டே போய்விடும். அதாவது எதைக் காப்பாற்ற இறங்கினோமோ அதையே பணயம் வைக்கிறோம். பிற்பாடு அறுக்காமலே மென்பொருளால் கீயை எடுக்கும் வழிகளும் வந்தன என்பதால், வெறும் கீக்காகத் தடத்தை அறுக்கச் சொல்லும் பழைய வீடியோவைப் பார்த்து இன்று யாரும் கத்தி எடுக்கத் தேவையில்லை.

ஸ்லிம் டிரைவ்களில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். காமிகாஸே என்று பெயர் வைத்த வழி; சிப்பின் மேல் குறிப்பிட்ட புள்ளியில் சின்ன டிரில் வைத்துத் துளைத்து, உள்ளே எழுதுவதைத் தடுக்கும் மெல்லிய கம்பியை அறுப்பது. பெயரே எல்லாவற்றையும் சொல்கிறது. நன்றாகக் கவனியுங்கள்: அது எழுதுவதற்கான வழி, படிப்பதற்கானது அல்ல. கீயைப் படிக்க சிப்பைத் துளைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அவருக்கு இரண்டும் குழம்பியிருக்கிறது. டிஜி-16டி4எஸ் டிரைவ்களில் கீ மட்டும் சாட்டா வழியாக மென்பொருளாலேயே கிடைத்தது. அதற்குப் பின் வந்த டிஜி-16டி5எஸ் வகையில் மேலும் இறுக்கிவிட்டார்கள். அதைக் கையில் வைத்திருப்பவர்கள் டிரைவ் பக்கத்தை மறந்துவிடுவதே நல்லது.

கன்சோலையே கேட்பது

கீயின் இன்னொரு பிரதி கன்சோலின் கீவால்டில் இருக்கிறது என்று சொன்னேன். கீவால்ட் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. அதைத் திறக்க சிபியு கீ வேண்டும். அது பிராசசருக்குள்ளேயே, ஒவ்வொரு கன்சோலுக்கும் ஒன்றாக, ஃபியூஸ்களில் எரித்துவைத்தது. வெளியிலிருந்து படிக்க முடியாது. கன்சோலில் நம்முடைய நிரல் ஓடினால் மட்டும் படிக்கலாம்.

அதற்குப் பெரும்பாலான கன்சோல்களில் பலிக்கும் வழி 2011 ஆகஸ்டில் வந்தது. கிளிகிளி, டிரோஸ் என்ற பெயர்களில் இயங்கிய இருவர் வெளியிட்ட ரீசெட் கிளிட்ச் முறை, எல்லோரும் ஆர்ஜிஎச் என்று சொல்வது. கன்சோல் எழும் நேரத்தில் பிராசசருக்கு மிகச் சிறிய ரீசெட் அதிர்வு ஒன்றைக் கொடுத்து, சரிபார்ப்பில் தடுமாற வைக்கும் உத்தி. எழுந்ததும் ஜெல் என்ற சின்ன நிரல் திரையில் சிபியு கீயையும் டிவிடி கீயையும் வரிசையாக எழுதிக் காட்டும். பேப்பரில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான். டிரைவ் இருக்கிறதா, செத்துவிட்டதா, கடையில் தங்கிவிட்டதா என்பதெல்லாம் பொருட்டே இல்லை.

தடித்த மாடலோ ஸ்லிம்மோ, மதர்போர்டில் ஈயம் வைக்கும் வேலை உண்டு. நேண்ட் மெமரியைப் படித்து எழுத ஒரு புரோகிராமர் வேண்டும். முன்பு அதற்கென்றே தனிக் கருவிகள் விற்றார்கள், இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ராஸ்பெர்ரி பை பிக்கோ போர்டு ஒன்றே அதைச் செய்துவிடும். அந்த அதிர்வைக் கொடுக்கத் தனி கிளிட்ச் சிப்பே வேண்டாத ஆர்ஜிஎச் 3 என்ற புதிய வடிவமும் 2021-ல் வந்தது. ஆனால் வின்செஸ்டர் மதர்போர்டு உள்ள கடைசிக் காலத்து 360 இ மாடல்களில் ஆர்ஜிஎச் பலிக்காது. ஈயம் வைக்கும் கை இருப்பவருக்கு இது டிரைவின் தடத்தை அறுப்பதைவிடப் பல மடங்கு நிம்மதி: இணைப்பது ஒயர்தான், அறுப்பது எதுவும் இல்லை. தப்பாகப் போனால் ஒயரை எடுத்துவிட்டு, முதலிலேயே எடுத்துவைத்த நேண்ட் பிரதியைத் திரும்ப எழுதலாம்.

என் கணிப்பை உண்மையில் மாற்றியது 2025 மார்ச்சில் வந்த பேட் அப்டேட் என்ற மென்பொருள் உத்தி. கிரிம்டூமர் என்ற பெயரில் இயங்கும் ஆய்வாளர் வெளியிட்டது. ஈயம் இல்லை, ஸ்க்ரூ இல்லை. 17559 என்ற பதிப்பு எண் உள்ள டேஷ்போர்டு, அதாவது சிஸ்டம் மென்பொருள், இருக்கும் கன்சோலில், ஒரு பென் டிரைவிலிருந்தே ஓடும். முதல் பதிப்பில் இரண்டு கேம்களில் ஒன்று வேண்டியிருந்தது. டோனி ஹாக்'ஸ் அமெரிக்கன் வேஸ்ட்லேண்ட் ஒன்று, ராக் பேண்ட் பிளிட்ஸ் இன்னொன்று. நமக்கு இரண்டாவதுதான் முக்கியம், ஏனென்றால் அது டிஸ்க்கே இல்லாத டவுன்லோடு கேம். அதன் இலவச சோதனைப் பதிப்பே போதும். டிரைவ் செத்த கன்சோலிலும் ஓடும். எல்லா மதர்போர்டிலும், ஆர்ஜிஎச்-க்கு மசியாத வின்செஸ்டரிலும்கூட ஓடும்.

குறை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு முறையும் பலிக்காது. கன்சோல் திகைத்து நின்றுவிடும், மறுபடி ஆன் செய்து தொடங்க வேண்டும். பலிக்கிற முறையிலும் இருபது நிமிஷம் வரை காத்திருக்க வேண்டியிருக்கலாம். ஆஃப் செய்தால் எல்லாம் போய்விடும். கன்சோலை நிரந்தரமாக மாற்ற நினைப்பவருக்கு இது எரிச்சல். கீயை ஒரே ஒரு முறை எடுக்க வேண்டிய நமக்கோ அதுவே வசதி. வேலை முடிந்து ஆஃப் செய்தால் கன்சோல் பழையபடியே இருக்கும். ஓடியதும் சிபியு கீயைக் குறித்துக்கொண்டு, நேண்ட் மொத்தத்தையும் பென் டிரைவில் பிரதி எடுத்து, இரண்டையும் கம்ப்யூட்டரில் ஜே-ரன்னர் மென்பொருளுக்குக் கொடுத்தால் டிவிடி கீயும், எந்த டிரைவின் அடையாளம் என்பதும் வந்துவிடும். பழைய விண்டோஸ், பிசிஐ கார்டு, ஊசிமுனை எதுவும் வேண்டாம்.

அப்போது டிரைவைப் படிப்பது யாருக்கு?

ஹிட்டாச்சி, சாம்சங், பென்க்யூ டிரைவும் எக்ஸ்பி கம்ப்யூட்டரும் ஏற்கெனவே கையில் இருப்பவருக்கு. அவருக்கு அது பத்து நிமிஷ வேலை, முழு ஃபர்ம்வேரும் கிடைக்கிறது. கன்சோலே எழாமல் சிவப்பு வளையத்தோடு கிடக்கிறது, ஆனால் டிரைவ் நன்றாக இருக்கிறது என்றால் கீயை எடுக்கவே வேண்டாம். அந்தக் கீ அந்த மதர்போர்டுக்கு மட்டும்தான். அந்த டிரைவ் இன்னொருவரின் லென்ஸுக்கும் மோட்டாருக்கும் பயன்படும்.

மற்ற எல்லோருக்கும், டிரைவ் ஓடிக்கொண்டிருந்தாலும் சரி, செத்துவிட்டாலும் சரி, கன்சோல் எழுகிறது என்றால் பென் டிரைவ் வழி. லைட்-ஆன் வைத்திருப்பவர்களுக்கு இதை இரண்டு முறை சொல்வேன்.

கீ கிடைத்துவிட்டது, அடுத்து அதை மாற்று டிரைவில் எழுத வேண்டுமே என்றால், அங்கேதான் மறுபடி டிரைவ் வகை குறுக்கே வரும். பழைய வகைகளில் எழுதுவதும் சாட்டா வழியாக முடியும். ஸ்லிம் லைட்-ஆனில் பூட்டிய சிப் என்பதால், எழுதத் திறந்துவைத்த மாற்று போர்டுகளை அப்போது தனியாகவே விற்றார்கள். அவற்றில் ஒன்று கிடைத்தால் டிரில் பக்கம் போக வேண்டாம். எழுதும்போது கீயை மட்டும் மாற்றுங்கள், ஃபர்ம்வேர் ஒரிஜினலாகவே இருக்கட்டும். மாற்றிய ஃபர்ம்வேரோடு ஆன்லைன் போன கன்சோல்களை மைக்ரோசாஃப்ட் 2009 நவம்பரில் கூட்டம் கூட்டமாகத் தடை செய்தது நினைவிருக்கும். கீயைப் படிப்பதால் அப்படி எந்தத் தடயமும் விழுவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்காவில் 2021 அக்டோபரில், கேம் கன்சோல்களின் டிஸ்க் டிரைவைப் பழுதுபார்ப்பதற்காக மட்டும் மென்பொருள் பூட்டை உடைக்கலாம் என்று விலக்கு கொடுத்தார்கள். வேலை முடிந்ததும் பூட்டைப் பழையபடி வைத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. கன்சோலின் மற்ற பாகங்களுக்கு அந்த விலக்கு கிடைக்கவில்லை. இந்தியாவில் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைத்தான் குற்றமாக்குகிறது. சொந்த கன்சோலில் சொந்த டிஸ்க் ஓட வேண்டும் என்பது அந்த நோக்கம் ஆகுமா என்பதை வக்கீல்தான் சொல்ல வேண்டும். எனக்கு ஆகாது என்றே படுகிறது.

இதெல்லாம் எதற்கு, டிஸ்க்கைப் புது எக்ஸ்பாக்ஸில் போட்டுவிட்டால் ஆயிற்றே என்பதும் ஒரு வழிதான். டிஸ்க் டிரைவ் உள்ள எக்ஸ்பாக்ஸ் ஒன், சீரிஸ் எக்ஸ் இரண்டும் 360 டிஸ்க்குகளில் பலவற்றை ஏற்கும். ஆனால் பட்டியலில் உள்ளவை மட்டும். 2021 நவம்பரோடு அந்தப் பட்டியலில் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். உங்கள் அலமாரியில் இருக்கும் கேம்கள் அதில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எல்லாமே இருந்தால், உண்மையைச் சொல்லப்போனால், இந்தப் பாடெல்லாம் தேவையில்லை.

டிரைவ் இன்னும் ஒழுங்காக ஓடுகிறவர்கள் கீயை இப்போதே எடுத்துவைப்பது நல்லது. எடுத்ததும் ஒரு சோதனை: 16 பைட் என்பது 32 எழுத்துகள். எல்லாமே பூஜ்யமாகவோ, எல்லாமே எஃப் என்ற எழுத்தாகவோ இருந்தால் அது கீ அல்ல, படிப்பது தவறிவிட்டது. இரண்டு மூன்று முறை தனித்தனியாக எடுத்து எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா பாருங்கள். சிபியு கீ, நேண்ட் பிரதி, டிவிடி கீ மூன்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, ஃபோல்டருக்குக் கன்சோலின் பின்னால் இருக்கும் சீரியல் எண்ணையே பெயராக வையுங்கள். ஒரே வீட்டில் இரண்டு 360 இருந்தால், எந்தக் கீ எதனுடையது என்று பிறகு குழம்ப வேண்டியிருக்காது.